தன் ஆட்டத்துக்குத் தானே எழுதும் உரை

ஒரு கிராண்ட்மாஸ்டர் தன் ஆட்டங்களுள் தனக்குப் பிடித்தவற்றைத் தானே பொறுக்கி எடுத்து, நகர்த்தலுக்கு நகர்த்தல் விளக்கம் எழுதி வெளியிடும் புத்தகத்தை இன்றைக்கு ஒருவர் ஏன் படிக்க வேண்டும்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் என் அண்ணன் மகன். சென்னையில் பள்ளியில் படிக்கிறான். ரேட்டிங் போட்டிகளில் ஆடுகிறான். விடுமுறைக்குக் காரைக்குடிக்கு வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பட்டாலையில் அவனுக்கும் எனக்கும் நடுவே செஸ் பலகை விரிந்தபடியே இருக்கும். அவன் கேட்டதில் துடுக்குத்தனம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் உலக சாம்பியனைவிட நன்றாக ஆடுகிறது, எந்த நிலையைக் கொடுத்தாலும் சில நொடிகளில் சிறந்த நகர்த்தலைச் சொல்லிவிடுகிறது, அப்படியிருக்க அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் தன் ஆட்டத்தைப் பற்றித் தானே எழுதிய, ஆங்காங்கே பிழையும் உள்ள விளக்கத்தால் என்ன பயன் என்பது அவன் வாதம். அதற்கு நான் உடனே ஏதோ பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தலைமுறையில் செஸ் கற்றவர்களுக்கு இந்த வகைப் புத்தகங்கள்தாம் ஆசிரியர்கள். பயிற்சியாளர் என்று ஒருவர் சிறு ஊர்களில் கிடையாது. நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சிகளில் மலிவு விலையில் வந்த சோவியத் புத்தகங்களும், சென்னையிலிருந்து யாராவது வாங்கி வந்து கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன ஆங்கிலப் புத்தகங்களும்தாம் எங்களுக்கு வழி. சோவியத் உலக சாம்பியன் டாலின் ஆட்டங்களை டால் சொல்லக் கேட்டோம். அமெரிக்க உலக சாம்பியன் ஃபிஷரின் ஆட்டங்களை ஃபிஷர் சொல்லக் கேட்டோம். 1998இல் ஆனந்தின் தொகுப்பு வந்தபோது நம் பக்கத்து மனிதர் ஒருவர் அந்த வரிசையில் அமர்ந்ததைப் பார்த்தோம். அந்தப் பழக்கத்தின் மேலுள்ள பற்றினால்தான் இந்தப் புத்தகங்களைத் தாங்கிப் பேசுகிறேனோ என்ற ஐயம் எனக்கும் எழாமல் இல்லை. பற்று மட்டும்தான் காரணமென்றால் என் அண்ணன் மகனிடம் இவற்றைத் திணிக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே பற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

எஃப்4 கட்டத்தில் ஒரு குதிரை

அந்தக் கேள்விக்குக் காரணமாக இருந்த ஆட்டம் 1960இல் மாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். வெள்ளைக் காய்கள் அன்றைய சாம்பியன், 48 வயது மிகைல் போட்வினிக்குக்கு; கறுப்பு 23 வயது மிகைல் டாலுக்கு. பலகையின் நெடுவரிசைகளை ஏ முதல் ஹெச் வரை எழுத்தாலும் கிடைவரிசைகளை எண்ணாலும் குறிப்பார்கள். 21ஆம் நகர்த்தலில் டால் தன் குதிரையை எஃப்4 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில், கொண்டுபோய் வைத்தார். சிப்பாய் குதிரையை வெட்ட, கறுப்பின் ஈ5 சிப்பாய் அதைத் திருப்பி வெட்ட, அதுவரை சொந்தச் சிப்பாயாலேயே அடைபட்டுக் கிடந்த ஜி7 பிஷப்பின் மூலைவிட்டம் பலகையின் மறுகோடி வரை திறந்துகொள்கிறது. ஒரு குதிரைக்கு ஈடாகக் கறுப்புக்குக் கிடைத்தது இந்தத் திறப்பும் காய்களின் சுறுசுறுப்பும்தான். கையில் எண்ணிக் காட்டக்கூடிய லாபம் ஒரு சிப்பாய்க்கு மேல் இல்லை. அரங்கில் கூச்சல் அடங்காமல் போகவே, இரு வீரர்களையும் உள்ளே ஓர் அறைக்கு அழைத்துச் சென்று ஆட்டத்தைத் தொடர வைத்தார்கள். டால் வென்றார். அந்தப் போட்டியையும் பன்னிரண்டரைக்கு எட்டரை என்ற கணக்கில் வென்று சாம்பியனானார்.

பலகையில் இந்த ஆட்டத்தை நான் ஆடிக் காட்டிக்கொண்டிருந்தபோது என் அண்ணன் மகன் கைப்பேசியில் அதே நகர்த்தல்களைப் போட்டுக்கொண்டே வந்தான். குதிரை எஃப்4க்குப் போனதும், யாருக்கு நிலை நல்லது என்று காட்டத் திரையோரத்தில் இருக்கும் அளவுகோல் வெள்ளைப் பக்கம் ஏறியது. "இது சவுண்டே இல்ல சித்தப்பா. வெள்ளைக்குத்தான் நல்லா இருக்கு. இதுக்குப் போயி எல்லாரும் ஆச்சரியக்குறி போட்டிருக்காங்க" என்றான். அவன் சொன்னது சரி. அதைக் கண்டுபிடிக்கக் கணினி வரும் வரை உலகம் காத்திருக்கவும் இல்லை. அந்தக் காலத்து விளக்கக்காரர்களே காட்டிவிட்டார்கள்: 24ஆம் நகர்த்தலில் டால் சிப்பாயை எஃப்3க்குத் தள்ளியபோது போட்வினிக் ஆசைப்பட்டுக் கறுப்பு ராணியை வெட்டினார், அதை விட்டுவிட்டுத் தன் பிஷப்பால் அந்த எஃப்3 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் வெள்ளைப் பக்கம் திரும்பியிருக்கும்.

டால் அந்தப் போட்டியின் 21 ஆட்டங்களுக்கும் தானே விளக்கம் எழுதினார். இந்தக் குதிரை பலியைப் பற்றி அவர் எழுதியிருப்பதன் சாரம், இது சரியா தவறா என்று ஏன் இவ்வளவு வாதம் என்பது தனக்குப் புரியவில்லை, இது காய்களின் இயக்கத்துக்காகக் கொடுத்த நிலைசார்ந்த பலி, மற்ற வழிகள் கறுப்புக்கு நல்லதாக இல்லை என்பதுதான். இதை முதலில் படித்தபோது டால் நழுவுகிறார் என்றுதான் எனக்கும் தோன்றியது. கேட்ட கேள்விக்கு நேரான பதில் இல்லையே. ஆனால் திரும்பத் திரும்பப் படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. ஸ்டாக்ஃபிஷ் பதில் சொல்லும் கேள்வி, இந்த நிலையில் இரு பக்கமும் குறையில்லாமல் ஆடினால் முடிவு என்ன என்பது. டால் பதில் சொல்லும் கேள்வி, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, எதிரே போட்வினிக் அமர்ந்திருக்க, அமைதியாக ஆடினால் மெல்ல மெல்ல மூச்சு முட்டும் என்று தெரிந்த ஒருவன் எதை நம்பிக் கை நீட்டினான் என்பது. இரண்டும் ஒரே பலகையைப் பற்றிய கேள்விகள்தாம். ஆனால் இரண்டாவதற்குப் பதில் வைத்திருப்பவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவர் எழுதாமல் போனால் அந்தப் பதில் அவரோடு போய்விடும்.

அவன் பார்க்காத கட்டம்

இவ்வளவையும் நான் சொன்னபோது அவன் மரியாதைக்குத் தலையாட்டினான். மனம் ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாதத்தால் ஆகாது என்று தோன்றியதால், அவன் அண்மையில் வென்ற ஓர் ஆட்டத்துக்கு அவனையே விளக்கம் எழுதச் சொன்னேன். பெருமைப்பட வேண்டிய ஆட்டம்தான். டி3இல் இருந்த பிஷப்பைக் கொண்டு, கோட்டை கட்டியிருந்த எதிரி ராஜாவின் ஹெச்7 சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்து, ராஜா அந்த பிஷப்பை வெட்டியதும் குதிரையை ஜி5க்குத் தாவவிட்டு, ராணியை ஹெச்5க்குக் கொண்டுவந்து நெருக்கி முடித்திருந்தான். செஸ் படிக்கிறவர்கள் எல்லாரும் தொடக்கத்திலேயே கற்கிற பலிதான். ஆனால் பாடமாகப் படிப்பது வேறு, நூறு பேர் ஆடும் கூடத்தில் சொந்தக் காயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது வேறு.

அரை மணி நேரத்தில் தாளை நீட்டினான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே ஓர் எண்: கூட்டல் பூஜ்யம் புள்ளி நான்கு, கூட்டல் மூன்று புள்ளி ஒன்று என்று. சில இடங்களில் 'மிகச் சிறந்தது', சில இடங்களில் 'துல்லியமில்லை'. பிஷப் பலிக்கு 'மிகச் சிறந்தது'. தாள் முழுக்கத் தேடினாலும் அவன் அதில் இல்லை. "இதெல்லாம் கம்ப்யூட்டர் நினைச்சது. பிஷப்பை எடுக்கும்போது நீ என்ன நினைச்சே? அதை எழுது" என்றேன். வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு பலகையையே பார்த்திருந்தான். பிறகு காய்களைத் திரும்ப அடுக்கி, குதிரை செக் கொடுத்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அந்த நிலையில் கறுப்பு ராஜாவுக்குப் போக்கிடங்கள் சில. ஒன்று ஜி8க்குப் பின்வாங்குவது; அப்படிப் போனால் ராணி ஹெச்5க்கு வந்துவிடும், மேட் மிரட்டல் தாங்க முடியாது. மற்றொன்று ஜி6க்கு முன்னேறி வருவது. இந்தப் பலியைச் சரிபார்க்கிறவர்கள் முதலில் கணக்கிட வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். ராஜா வெட்டவெளிக்கு வந்துவிட்டதுபோல் தெரியும், ஆனால் பிடிக்கத் தெரியாவிட்டால் கொடுத்த பிஷப் போனதுதான். என் அண்ணன் மகன் ஜி6 கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இங்க வரும்னு நான் பாக்கவே இல்ல சித்தப்பா. பின்னாடி போகும்னு மட்டும்தான் நினைச்சேன். அவன் போயிட்டான்" என்றான். இதைச் சொல்லும்போது அவன் குரல் மாறிவிட்டது. போட்டி நடந்த அன்று இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கோப்பையோடு வந்தவனிடம் யார் இதைக் கேட்கப் போகிறார்கள்? கணினியும் கேட்கவில்லை. ராஜா ஜி6க்கு வந்தாலும் வெள்ளைக்கு வெற்றி உண்டு என்பது அதற்குத் தெரியும். ஆகவே அவன் பார்த்தானா பார்க்கவில்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. பலகையின் அந்தப் பக்கம் டால், பலவற்றைப் பார்த்து, பார்க்க முடியாததை நிறுத்துப் பார்த்து, வேறு வழி மோசம் என்று முடிவு செய்து ஆடிய நகர்த்தல். அளவுகோல் அதற்கு எதிராகச் சாய்கிறது. இந்தப் பக்கம் ஒரு சிறுவன், பார்க்க வேண்டிய கட்டத்தையே பார்க்காமல் ஆடிய நகர்த்தல். அளவுகோல் அதற்கு முழு மதிப்பெண் போடுகிறது. கணினி இரண்டு இடத்திலும் பொய் சொல்லவில்லை. நகர்த்தலின் தரத்தை அது சரியாகவே சொன்னது. ஆடியவரைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல இயலாது, அவ்வளவுதான். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்திதான். அவன் நாளை இன்னொரு கூடத்தில் உட்காரும்போது அவனோடு வரப்போவது ஸ்டாக்ஃபிஷின் எண் இல்லை; ஜி6 போன்ற கட்டங்களைப் பார்க்கும் பழக்கமோ பார்க்காத பழக்கமோதான் வரும்.

எழுதுகிறவரை நம்பலாமா

இங்கே ஒரு பெரிய தடை இருக்கிறது. அதைத் தாண்டாமல் மேலே போக முடியாது. ஆடியவர் மட்டுமே சொல்லக்கூடியதை ஆடியவர் உண்மையாகச் சொல்லுவார் என்பதற்கு என்ன உறுதி? வென்ற பிறகு எழுதுகிறார். முடிவு தெரிந்த பின் எல்லா வழியும் நேர்வழியாகத் தெரியும். தற்செயலாகக் கிடைத்தது திட்டமாக மாறிவிடும். நடுங்கிக்கொண்டு ஆடியது துணிவாகிவிடும். இதில் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை, நினைவே அப்படித்தான் வேலை செய்கிறது.

எங்கள் ஐயா இளமையில் ரங்கூனில் ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்குப் பழகியவர். அவர் கணக்கைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுவார். அன்றைய வரவு செலவு அன்று இரவு கடை அடைப்பதற்குள் குறிப்பேட்டில் ஏறிவிட வேண்டும். பேரேட்டில் பெயர் பிரித்து எழுதுவதும் ஊரில் இருக்கும் முதலாளிக்கு முடிவுக் கணக்கான ஐந்தொகையை அனுப்புவதும் அதற்குப் பிறகுதான். கடன் வாங்கியவன் திருப்பிக் கொடுத்த பிறகு உட்கார்ந்து, அவனை ஏன் நம்பிக் கொடுத்தேன் என்று எழுதினால் அது கணக்கே இல்லை என்பார். தன் ஆட்டத்துக்குத் தானே விளக்கம் எழுதும் கிராண்ட்மாஸ்டரின் நிலை சரியாக இதுதான். அவர் நம் முன் வைப்பது ஐந்தொகை. குறிப்பேடு அவர் மனத்தில் இருந்தது, அல்லது இல்லாமலே போனது.

பழைய உலக சாம்பியன் அலெகைன் இதற்கு எச்சரிக்கையான உதாரணம். 1908 முதல் 1923 வரையிலான தன் சிறந்த ஆட்டங்களுக்கு அவர் எழுதிய விளக்கம் செஸ் இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்று. கலைஞனின் கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அந்தத் தொகுப்பில்தான் 1915இல் மாஸ்கோவில் ஆடியது என்று, பலகையில் ஒரே நேரத்தில் ஐந்து ராணிகள் நிற்கும் புகழ்பெற்ற ஆட்டம் வருகிறது. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. உண்மையில் கிரிகோரியெவுக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் அலெகைன் ஆடியது கறுப்புக் காய்களை; ஐந்து ராணிகள் நின்றது அந்த ஆட்டத்துக்கு அவரே எழுதிய விளக்கக் குறிப்பின் ஒரு கிளையில். நடந்திருக்கக்கூடியது நடந்ததாகிவிட்டது. அந்தக் கிளை அழகானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை ஆட்டமாக்கி வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கற்பனையைக் கற்பனை என்று சொல்லியிருந்தால் அலெகைனின் பெருமைக்கு ஒரு குன்றிமணி அளவும் குறைந்திருக்காது.

நம் உரை மரபில் ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் உரை எழுதுவதே வழக்கம். வள்ளுவருக்குப் பரிமேலழகர். தானே நூல் செய்து தானே உரையும் எழுதியவர்கள் உண்டு. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கமும், சுப்பிரமணிய தீட்சிதரின் பிரயோக விவேகமும் அப்படிப்பட்டவை. அவை இலக்கண நூல்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விதியை வகுத்தவர் அதை விளக்குவதில் இடர் இல்லை. கற்பனையில் பிறந்ததை, பிறப்பித்தவரே விளக்கப் புகும்போதுதான் தன்னை அலங்கரித்துக்கொள்ளும் ஆசை உள்ளே நுழைகிறது. படைப்பூக்கமுள்ள ஆட்டங்களின் தொகுப்பு இந்த இரண்டாவது வகை.

அப்படியானால் எதை வைத்து நம்புவது? நான் வந்து சேர்ந்திருக்கும் அளவுகோல் ஒன்றே. தனக்குப் பெருமை தராத இடங்களைப் புத்தகம் வைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஃபிஷரின் 60 ஆட்டத் தொகுப்பு 1969இல் வந்தது. அதில் மூன்று ஆட்டங்கள் அவர் தோற்றவை: 1959இல் டாலிடம், 1960இல் ஸ்பாஸ்கியிடம், 1967இல் கெல்லரிடம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அறுபதும் வெற்றியாகவே கொடுத்திருக்க அவரிடம் ஆட்டங்களுக்குப் பஞ்சமா? தோல்வியைத் தன் கையாலேயே பிரித்துக் காட்டுகிற ஒருவர், வென்ற ஆட்டத்தில் இந்தக் கிளையை நான் பார்த்தேன் என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்கு எடை கூடுகிறது.

டாலிடம் இந்த நேர்மை இன்னும் விசித்திரமான வடிவத்தில் வருகிறது. 1976இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய வாழ்க்கையும் ஆட்டங்களும் அடங்கிய புத்தகத்தில், சோவியத் சாம்பியன் போட்டியில் வாசியுகோவுக்கு எதிராக ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறார். ஒரு குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார். கிளைகள் பெருகிக்கொண்டே போகின்றன. தலைக்குள் நகர்த்தல்கள் குவிந்து குழம்புகின்றன. அப்போது திடீரென்று ரஷ்யக் கவிஞர் சுக்கோவ்ஸ்கி குழந்தைகளுக்கு எழுதிய பாட்டின் வரி, சதுப்பில் சிக்கிய நீர்யானையை இழுத்து எடுப்பது எவ்வளவு கடினம் என்பது, நினைவுக்கு வந்துவிடுகிறது. உண்மையிலேயே எப்படி இழுப்பது என்று யோசிக்கிறார்: ஜாக்கி, நெம்புகோல், ஹெலிகாப்டர், கயிற்று ஏணி. எதுவும் சரிப்படவில்லை; மூழ்கட்டும் என்று விட்டுவிடுகிறார். நீர்யானை மறைந்ததும் பலகை தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பலியைக் கணக்கிட்டு முடிக்க இயலாது, உள்ளுணர்வை நம்பி ஆட வேண்டியதுதான் என்று உணர்ந்து குதிரையைக் கொடுக்கிறார். மறுநாள் பத்திரிகையில், நாற்பது நிமிடம் கவனமாகச் சிந்தித்த டால் துல்லியமாகக் கணக்கிட்ட பலியைச் செய்தார் என்று படித்ததையும் மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறார்.

நாற்பது நிமிடத்தைக் கணக்கிட்ட பலி என்று சொல்லிக்கொள்வது டாலுக்கு எவ்வளவு எளிது! பத்திரிகையே அவருக்காக எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தச் சான்றிதழை வேண்டாம் என்று தள்ளி, நீர்யானையை எழுதினார். இந்தப் பகுதியை நான் படிக்கத் தந்தபோதுதான் என் அண்ணன் மகன் முதல் முறையாகப் புத்தகத்தைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனான். கற்பனை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலம் செஸ்ஸில் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய செஸ் கிளப்புக்கு டாலின் பெயரையே வைத்தார்கள். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் அதை வளர்த்தெடுத்தார். சிறுவன் ஆனந்த் அங்கேதான் சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டங்களை மணிக்கணக்காக ஆடினான். அந்தப் பெயர் நம் ஊருக்குப் பொருத்தமாகவே அமைந்தது என்று நினைக்கிறேன்.

வீட்டில் பிறந்த கற்பனை

இன்றைய ஆட்டங்களுக்கு இந்த வகை விளக்கம் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதற்கு ஆனந்தின் ஆட்டம் ஒன்றையே சொல்லலாம். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸேயில் ஆர்மீனிய வீரர் ஆரோனியனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு அவர் ஆடிய ஆட்டம் 23 நகர்த்தல்களில் முடிந்தது. இரண்டு பிஷப்புகளும் வெள்ளை ராஜாவின் கோட்டையை நோக்கி நிற்க, குதிரைகளை அடுத்தடுத்து வெட்டுக்கு நீட்டி, ஒரு யானையையும் போகட்டும் என்று விட்டுவிட்டு அவர் தாக்கியதைப் பார்த்தவர்களுக்கு, 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடிய ஆட்டம் நினைவுக்கு வந்தது. ஆனந்துக்கும் வந்தது, ஆட்டம் முடிந்ததும் அவரே அதைச் சொன்னார்.

ஆனால் இந்த வரிசையின் வேர், 2012இல் கெல்ஃபண்டுக்கு எதிரான உலக சாம்பியன் போட்டிக்காக அவரும் உதவியாளர்களும் கணினியோடு செய்த தயாரிப்பில் இருக்கிறது. அப்படியானால் இது யாருடைய கற்பனை? எந்த நகர்த்தல் வரை வீட்டில் பார்த்தது, எந்த இடத்தில் நினைவு தீர்ந்துபோய்ப் பலகையில் தேடத் தொடங்கினார், நூறாண்டு முந்தைய ரூபின்ஸ்டைன் எந்தக் கணத்தில் உள்ளே வந்தார்? ஆட்டப் பதிவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அதில் இந்தத் தையல் தெரியாது. வீட்டு நகர்த்தலும் பலகை நகர்த்தலும் ஒரே மாதிரிதான் அச்சாகும். தயாரிப்பு பெருகிவிட்ட காலத்தில் படைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை ஆடியவர் மட்டுமே கோடு போட்டுக் காட்ட முடியும். ஆனந்தின் தொகுப்பு 2001இல் விரிந்த பதிப்பாக வந்ததோடு நிற்கிறது. அதற்குப் பிந்தைய, உலக சாம்பியனாக அவர் வாழ்ந்த ஆண்டுகளின் ஆட்டங்களுக்கு அதே அளவு நிதானத்தோடு அவர் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆட்டம் முடிந்ததும் பேட்டி கொடுக்கிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். நார்வே செஸ் போட்டியில் ஆட்டத்தின் நடுவிலேயே வீரர் எழுந்து போய் ஒரு சிறு அறையில் கேமரா முன் தன் மனத்தில் இருப்பதைச் சொல்லலாம் என்றுகூட ஏற்பாடு இருக்கிறது. ஐயா கேட்ட குறிப்பேடு இதுதான். முடிவு தெரியாத நேரத்தில் சொன்ன சொல். நான் அவற்றை விரும்பிப் பார்க்கிறேன். ஆயினும் அது போதவில்லை. அந்த அறையில் சொல்லப்படுவது அரை நிமிடப் பரபரப்பு. எதைச் சொல்கிறோம் என்பது சொல்கிறவருக்கே பாதிதான் தெரிந்திருக்கும். அன்றைய மனநிலையை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு கண்டுபிடித்த உண்மையையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று மெல்ல எழுதுகிறவரிடம்தான் முழுமை கிடைக்கிறது. கணினி இதற்கு எதிரியும் இல்லை. இன்றைய கிராண்ட்மாஸ்டர் அதைத் திறந்து வைத்துக்கொண்டே, இங்கே கணினி இப்படிச் சொல்கிறது, நான் அன்று கண்டது இது, அதனால் இதை ஆடினேன் என்று எழுதினால், டாலுக்கும் ஃபிஷருக்கும் கிடைக்காத ஒரு தெளிவு அவருக்குக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இன்று முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் தன் ஆட்டங்களைத் தமிழில் எழுத வேண்டும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதுவயலிலும் போட்டிக்கு வருகிற பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருக்கிறது, ஸ்டாக்ஃபிஷ் இருக்கிறது, காணொளிகள் இருக்கின்றன. பலகைக்கு முன் தன்னைப்போல் பேசி, தன்னைப்போல் பயந்து, பிறகு துணிந்த ஒருவரின் குரல் அவர்கள் மொழியில் இல்லை. காய்களுக்கு ராஜா, ராணி, யானை, குதிரை, சிப்பாய் என்று சொல்லித்தான் அவர்கள் ஆடத் தொடங்குகிறார்கள். யோசிப்பதும் அந்தச் சொற்களில்தான்.

எந்தப் பக்கத்தை முதலில் தேடுவேன் என்று எனக்குத் தெரியும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். கறுப்புக் காய்களோடு ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷுக்கு எதிராக, 55ஆம் நகர்த்தலில் டிங் லிரென் தன் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். உலகமெங்கும் திரையோரத்து அளவுகோல்கள் அந்த நொடியே கறுப்புப் பக்கம் விழுந்துவிட்டன. பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களுக்குக்கூட வெற்றி தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தவர் குகேஷ் ஒருவர்தான். தனக்கு முதலில் புரியவில்லை என்றும், யானையைப் பி3க்கு நகர்த்தவே இருந்ததாகவும், அதன் பிறகே வெள்ளை பிஷப் சிக்கிக்கொள்வதைக் கண்டதாகவும் அவரே ஆட்டத்துக்குப் பின் சொன்னார். அவர் அந்த பி3 நகர்த்தலை விட்டுவிடாமல் எழுத வேண்டும்: ஏன் அதை ஆட நினைத்தார், கை எவ்வளவு தூரம் போனது, எந்தக் காயைப் பார்த்தபோது நின்றது என்று.